புரியும் பிடியும்

மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் போடி வழியாகத்தான் சமவெளிக்கு இறங்கியது. 1902இல் வந்த ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908இல் அதற்குப் பதிலாக வந்த சிறு ரயிலும் சரக்கை டாப் ஸ்டேஷனில் சேர்த்தன. அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே. 1924 பெருவெள்ளம் ரயிலைக் கொண்டுபோயிற்று. கதை சொல்பவர்களும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ ரோப்வேதான் சுவாரசியம். ஓயாமல் சுற்றிவரும் வடத்துக்கு முனையே இருக்கக் கூடாது. ஆனால் ஆலையிலிருந்து வரும் எந்த இரும்பு வடத்துக்கும் முனை இரண்டு. அவற்றை முடிச்சில்லாமல், தடிமன் ஏறாமல் சேர்ப்பதுதான் நீள ஸ்பிளைஸ்.

ஆறு புரி வடத்தின் இரு முனைகளையும் பிரித்து, நடுவிலுள்ள சணலை நறுக்குவார்கள். ஒரு பக்கத்துப் புரியைக் கழற்றக் கழற்ற, அது விட்ட பள்ளத்தில் மறுபக்கத்துப் புரியைப் படுக்கவைப்பார்கள். ஆறு ஜோடிகளும் வெவ்வேறு இடங்களில் சந்திக்கும். மிஞ்சும் வால்கள் சணல் இருந்த இடத்துக்குள் போகும். ரோப்வேக்கு விட்டத்தைப் போல் சுமார் 1,200 மடங்கு நீளம் வேண்டும்: 20 மி.மீ. வடத்துக்கு 24 மீட்டர்! பற்றவைப்பு கிடையாது. இழுவை கூடக்கூட வெளிப்புரிகள் வாலை நெரிக்கின்றன; அந்த உராய்வே பிடி.

குறையும் அங்கேயேதான். வால் எப்படிக் கிடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வடம் தேய்ந்து மெலிந்தால் நெரிப்பு தளரும். புரிகள் சந்திக்கும் இடங்களில்தான் கம்பி முதலில் அறும். பழனி ரோப் காரை ஆண்டுப் பராமரிப்புக்கு நிறுத்தும்போது முணுமுணுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

முனையை வளைத்துக் கண் போடுவது வேறு விஷயம். கையால் புரி செருகிய கண் வடத்தின் முழு வலிமையைத் தராது. பெரிய வடங்களில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சுமை தொங்கியபடி சுழன்றாலோ செருகல் மெல்லக் கழன்றுவரும். யு-கிளாம்ப் எளிது, ஸ்பானர் போதும். ஆனால் வளைவு குட்டை முனைமேல் உட்கார வேண்டும். சுமை தாங்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் வடத்தையே நசுக்கும். சுமை ஏற்றியபின் நட்டை மறுபடி முடுக்கவும் வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஏலத்தோட்டச் சரிவில் சேற்றில் புதைந்த ஜீப்பை இழுக்க, இயந்திரத்தில் குழல் அழுத்தி முடித்த கண்ணைக் கடையிலேயே வாங்கிக்கொண்டு மலையேறுவது மேல். கைவேலையை முனையற்ற வடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே அதற்கு மாற்று இன்னும் வரவில்லை.