கனவு கலைந்த இடத்தில் தொடங்கும் ஐக்கியம்

ஆவிக்குரிய புத்துயிரைப் பற்றி எழுதப்படும் நூல்களுள் பெரும்பாலானவை படிப்பவரின் உள்ளத்தில் ஒரு வேட்கையை எழுப்புவதோடு நின்றுவிடுகின்றன. ஆராதனை முடிந்து வீடு திரும்பியபின், திங்கட்கிழமை காலையில் அவ்வேட்கை என்ன உருவெடுக்க வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் 1939இல் வெளியிட்ட 'இணைந்த வாழ்வு' என்னும் சிறு நூல் இவ்வகையில் மாறுபட்டது. ஐக்கியம், பிறரோடு கழிக்கும் நாள், தனித்திருக்கும் நாள், ஊழியம், பாவ அறிக்கையும் திருவிருந்தும் என ஐந்தே அதிகாரங்கள் கொண்டது. இந்நூலைப் புகழ்வோர் பலர். சோதித்துப் பார்ப்போர் சிலரே. அருட்பணிக்கு ஆயத்தமாவோருக்கும், அவர்களை ஆயத்தப்படுத்துவோருக்கும் அச்சோதனை இன்றியமையாதது.

நூல் பிறந்த சூழலை முதலில் நினைவுகூர வேண்டும். ஹிட்லரின் ஆட்சி திருச்சபையைத் தன் கருவியாக்க முயன்றபோது, அதை எதிர்த்து நின்றோர் 1934 மே மாதத்தில் பார்மெனில் கூடித் தங்கள் விசுவாச அறிக்கையை வெளியிட்டனர். அவ்வறிக்கைத் திருச்சபை தன் இளம் போதகர்களுக்காக அமைத்த பயிற்சி இல்லங்களுள் ஒன்றை 1935 முதல் போன்ஹோபர் நடத்தினார். அது சிங்ஸ்ட் என்னும் கடலோர ஊரில் தொடங்கி, ஸ்டெட்டின் நகருக்கு அருகிலுள்ள ஃபிங்கென்வால்டுக்கு மாறியது. 1937இல் அரசின் இரகசியக் காவல்துறை அதை மூடியது. மறு ஆண்டில்தான் கட்டிங்கன் நகரில் இந்நூல் எழுதப்பட்டது. எனவே, இது வெற்றி பெற்ற ஒரு நிறுவனத்தின் அறிக்கையன்று. இழந்துபோன ஓர் இல்லத்தின் பாடம். இதன் கண்டிப்பான நடைக்கும் ஏமாற்றமற்ற தெளிவுக்கும் காரணம் இதுவே.

ஐக்கியத்தைப் பற்றிய நமது பக்திக் கனவுகளே ஐக்கியத்திற்குப் பகை என்பது நூலின் முதல் வாதம். சபை இவ்வாறு இருக்கவேண்டும் என்று கனவு காண்கிறவன் அக்கனவைச் சகோதரர்மேல் சுமத்துகிறான். அது நிறைவேறாதபோது முதலில் அவர்களையும், பின்பு தேவனையும், கடைசியில் தன்னையும் குற்றம் சாட்டுகிறான். ஆகவே, கனவு விரைவில் கலைவது தேவகிருபையே என்கிறார் ஆசிரியர். புதிய சபைக்கு மிகுந்த ஆர்வத்தோடு சென்று, ஈராண்டுகளுக்குள் கசப்படைந்து நிற்கும் இளம் ஆயருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சபை நாம் உருவாக்க வேண்டிய இலட்சியமன்று. கிறிஸ்துவுக்குள் ஏற்கெனவே அருளப்பட்ட ஈவு. ஈவைப் பெற்றவனுக்கு முதற்கடமை நன்றி செலுத்துதல். குறை கூறுதல் அன்று.

அன்பைப் பற்றிய பகுதியில்தான் நூலின் வலிமையும் குறையும் ஒருங்கே காணப்படுகின்றன. ஜென்மசுபாவமான அன்பு பிறனைத் தனக்காக நாடுகிறது, பற்றிக்கொள்கிறது, ஆளவும் விரும்புகிறது. ஆவிக்குரிய அன்போ கிறிஸ்துவை இடையில் நிறுத்தி, பிறனை விடுதலையாய் விட்டுவிடுகிறது. எழுப்புதலின் பெயரால் ஒரு மனிதரின் கவர்ச்சியைச் சுற்றிக் கூட்டம் சேரும்போதெல்லாம் இவ்வெச்சரிக்கை நமக்குத் தேவை. ஆயினும், பிரிக்கும் கோடு இங்கே அளவுக்கு மிஞ்சிக் கூர்மையாக வரையப்பட்டுள்ளது. நட்பும், குடும்பப் பாசமும், ஒருவரையொருவர் விரும்பி மகிழ்வதும் படைப்பின் தேவன் அருளிய நன்மைகள் அல்லவா? பின்னாளில் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் போன்ஹோபரே நட்பின் மாண்பை மனமுவந்து போற்றுகிறார். அக்கடிதங்களோடு சேர்த்தே இவ்வதிகாரத்தைப் படிப்பது நலம்.

ஜெபத்தைப் பற்றிய போதனை எளியது, ஆனால் கடினமானது. நாள்தோறும் திருமறைப் பகுதி ஒன்றைத் தனித்துத் தியானிக்க வேண்டும். அதிலிருந்து புதுமையான கருத்துகளையோ அனுபவங்களையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. மனம் வறண்டிருக்கும் நாளிலும் ஜெபம் ஜெபமே. பரிந்து மன்றாடுதலைப் பற்றி அவர் கூறுவது நூலின் உச்சம்: எவருக்காக நாம் ஜெபிக்கிறோமோ அவரை நாம் தொடர்ந்து பகைக்க இயலாது, முன்பு சகிக்க முடியாததாய்த் தோன்றிய முகம், கிறிஸ்து மரித்து மீட்ட சகோதரனின் முகமாக மாறுகிறது. ஜெபமும் அன்பும் இரண்டல்ல என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்லுதல் அரிது.

சங்கீதங்களைக் கிறிஸ்துவின் ஜெபமாக வாசிக்கும் முறையில் மட்டும் ஒரு கேள்வி எழுகிறது. இஸ்ரவேலரின் அழுகுரலை அதன் சொந்த வரலாற்றில் கேட்கும் முன்னரே நாம் சிலுவைக்குத் தாவிவிடுகிறோம். பாடுவதைப் பற்றியும் அவர் கண்டிப்பானவர். பல குரல்களில் பிரித்துப் பாடுவதை விலக்கி, ஒரே குரலில் பாடவே வற்புறுத்துகிறார். ஒரே குரலில் கீர்த்தனை பாடிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. ஆயினும் பாடகர் குழுவை நேசிப்போர் இதைச் சட்டமாக ஏற்கவேண்டியதில்லை.

இறுதி அதிகாரம் பாவ அறிக்கையைப் பற்றியது. பக்திமான்களின் கூட்டத்தில் பாவியாக இருக்க எவருக்கும் துணிவு வருவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் பாவத்தோடு தனித்துவிடப்படுகின்றனர். இதற்கு மாற்று, யாக்கோபு 5:16இன்படி ஒரு சகோதரனிடம் அறிக்கையிடுதல். சபை முழுவதற்கும் செவிசாய்க்கும் ஆயருக்கு, தம் சுமையை இறக்கிவைக்க ஒருவரும் இல்லாத நிலையை நாம் அறிவோம். எனினும், கேட்பவர் மேலதிகாரியாகவோ ஆசிரியராகவோ இருந்தால் அறிக்கை அடக்குமுறையாகிவிடக்கூடும். இவ்வாபத்தை நூல் சுட்டாமலில்லை. போன்ஹோபர் தாமே, அனுபவமில்லாத ஓர் இளம் சகோதரரிடம் அறிக்கையிட்டார் என்பது சொல்லைவிட வலிய போதனை.

நூலின் பெருங்குறை வேறொன்று. இல்லத்தின் சுவர்களுக்கு வெளியே துன்புறுவோரின் குரல் இதில் மிக மெலிதாகவே கேட்கிறது. துறவுமடத்தின் சாயலை அஞ்சிய கார்ல் பார்த் 1936இலேயே தம் தயக்கத்தைக் கடிதத்தில் தெரிவித்தார். ஆனால் அதே ஒழுக்கம் போன்ஹோபரை எங்கே நடத்திச் சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1938 நவம்பரில் யூதரின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டபோது, அவர் தம் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் அருகே அந்நாளின் தேதியைக் குறித்துவைத்தார். நாள்தோறும் ஜெபித்த சங்கீதமே செய்தித்தாளை வாசிக்கும் கண்ணை அவருக்குத் தந்தது. 1945 ஏப்ரல் 9இல் ஃபிளாசென்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆகவே, இந்நூலை அதன் ஆசிரியரின் வாழ்வோடு சேர்த்து வாசிப்போமாக. புத்துயிர் பேரொலியோடு வந்தாலும் வரலாம். ஆனால் அது நிலைப்பது, அருகிலிருப்பவரின் பெயரைச் சொல்லி அன்றன்று ஏறெடுக்கும் ஜெபத்தில். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசாது அடக்கும் நாவில். வாசலுக்கு வெளியே அழுகிறவர்களுக்காகத் திறக்கும் கதவில். இம்மூன்றும் இல்லாத எழுப்புதல், எத்தனை பெரிய கூட்டத்தைச் சேர்த்தாலும், கலையவேண்டிய கனவே.