வக்கீலின் வாசிப்பு

ஃப்ளாபேரின் 'மதாம் பொவாரி' பற்றி நான் படித்தவற்றில் மிகக் கூர்மையான அபிப்பிராயத்தைச் சொன்னவர் விமர்சகர் அல்ல. அந்த நாவலைத் தண்டிக்கச் சொல்லிக் கோர்ட்டில் நின்ற அரசாங்க வக்கீல். எர்னெஸ்ட் பினார் என்று பெயர். 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாரிஸ் பத்திரிகை ஒன்றில் நாவல் தொடராக வந்தது. பத்திரிகைக்காரர்களே பயந்துபோய்ச் சில இடங்களை வெட்டினார்கள். வெட்டியும் தப்பவில்லை. 1857 ஜனவரி 29ல் விசாரணை. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் ஊறு என்று குற்றச்சாட்டு.

பினாரை முட்டாள் என்று சொல்லிவிட்டு மேலே போவது இலக்கியவாதிகளிடையே வழக்கமாகிவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் போதலேர் மீதான வழக்கிலும் இவர்தான் அரசாங்கத் தரப்பு. அங்கே ஆறு கவிதைகளுக்குத் தடை வாங்கிக்கொடுத்தார். திட்டுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் அவர் வாதத்தைப் படித்தால், மனிதர் நாவலை வரி வரியாகப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. ரூவான் நகரத்து நாடகக் கொட்டகையில் எம்மா இசை நாடகம் பார்க்கும் கட்டம். அங்கே ஃப்ளாபேர் கல்யாணத்தோடு கறை என்ற சொல்லையும், கள்ள உறவோடு ஏமாற்றம் என்ற சொல்லையும் சேர்த்து வைக்கிறார். பினார் சரியாக அங்கே விரலை வைத்தார். மற்றவர்களாக இருந்தால் ஏமாற்றத்தைக் கல்யாணத்துக்கும் கறையைக் கள்ள உறவுக்கும் கொடுத்திருப்பார்கள் என்றார். எம்மா கெட்டுப்போனது அல்ல விஷயம், கல்யாணம் என்ற ஏற்பாட்டின் மீதே நாவல் கை வைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நாவலைப் புகழ்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது?

இன்னொன்றும் சொன்னார். இந்தப் பெண்ணைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒருவர்கூட புத்தகத்தில் இல்லை. புருஷனின் மானம் கண்டிக்கலாம் என்றால், அந்தப் புருஷன் மனைவி செத்த பிறகு அவளுடைய காதலனைச் சந்தித்து, அவன் முகத்தில் அவள் சாயலைத் தேடிக்கொண்டிருக்கிறான். ஊரார் வாய் கண்டிக்கலாம் என்றால், ஊராருக்குப் பிரதிநிதி மருந்துக்கடை ஓமே, ஒரு கோமாளி. மதம் என்றால் அந்தப் பாதிரியாரும் ஓமேக்கு இளைத்தவரல்ல. பினார் இதைக் குற்றமாகச் சொன்னார். குற்றம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டால் இதைவிட நல்ல விமர்சனம் கிடையாது.

எதிர்த்தரப்பு வக்கீல் செனார் என்ன செய்தார்? இது தீமையைக் காட்டி நன்மையின் பக்கம் திருப்புகிற புத்தகம், பாருங்கள் அந்தப் பெண் எவ்வளவு கோரமாகச் சாகிறாள் என்றார். ஆசிரியர் மதிப்பான டாக்டர் குடும்பத்துப் பிள்ளை என்றும் சொல்லிக்கொண்டார். பிப்ரவரி 7ல் விடுதலை. ஃப்ளாபேர் நன்றியோடு புத்தகத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். எனக்கு அந்தச் சமர்ப்பணத்தைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும். நாவலை ஒரு நீதிக்கதையாகச் சுருக்கியல்லவா காப்பாற்றினார்கள்!

நம்மிடமும் இந்தக் காரியம் நடக்காமலில்லை. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' வெளிவந்தது 1966ல். 1972ல் அது ஆங்கிலத்துக்குப் போனபோது, தலைப்பிலேயே அம்மாவின் பாவங்கள் என்று ஏற்றிவிட்டார்கள். வந்தாள் என்ற வினைச்சொல்லோடு ஜானகிராமன் நிறுத்திக்கொண்டதை அட்டையிலேயே தீர்ப்பாக எழுதியாயிற்று.

கோர்ட்டுக்கு வெளியே இருந்த வாசகர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் லெருவாயே த ஷான்த்பி என்ற பெண்மணி. ஆன்ஜே என்ற ஊரில் இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். நாவல் தொடராக வந்தபோதே ஃப்ளாபேருக்குக் கடிதம் எழுதினார். இது என் ஊர், என் வாழ்க்கை என்கிற மாதிரி. ஒரு கெட்டுப்போன தாம்பத்தியத்தின் கதையில் தன்னை அடையாளம் கண்டுகொண்டவர் தாம்பத்தியத்தையே அறியாதவர் என்பதை யோசித்துப் பாருங்கள். ஃப்ளாபேர், இந்தக் கதையில் நிஜம் ஒன்றுமில்லை, முழுக்கக் கற்பனை என்று அவருக்குப் பதில் எழுதினார். மதாம் பொவாரி நான்தான் என்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்களே, அது அவர் கடிதங்களில் கிடையாது, செவிவழி வந்தது. இருவரும் நேரில் சந்திக்காமலே ஏறக்குறைய இருபது வருஷம் எழுதிக்கொண்டார்கள்.

போதலேர் தன் வழக்கில் தோற்ற இரண்டு மாதத்துக்குள் இந்த நாவலைப் பற்றி எழுதினார். எம்மாவுக்குள் இருப்பது ஆண் ஆத்மா என்றார். இது அவருடைய எம்மா. பெரு நாட்டு நாவலாசிரியர் வர்காஸ் யோசா 1959ல் பாரிஸில் படித்து எம்மாமேல் காதல் கொண்டார்; 1975ல் ஒரு புத்தகமே எழுதினார். மனம் ஒடிந்து சாவைப் பற்றி யோசித்த நாட்களில் எம்மா விஷம் தின்று சாகும் பக்கங்கள்தான் ஆறுதல் தந்தன என்கிறார். நான் நம்புகிறேன். ஆனால் அவர் புத்தகத்தைப் படித்து முடித்தால், அந்த வீட்டில் ஒரு ஆள் மட்டுமே குடியிருந்த மாதிரி ஒரு பிரமை.

நான் முதலில் படித்தது எலியனார் மார்க்ஸின் 1886 ஆங்கில மொழிபெயர்ப்பில். கார்ல் மார்க்ஸின் மகள். 1898ல் அவரும் விஷம் குடித்துச் செத்தார். அவருடைய துணைவர் எட்வர்ட் ஏவ்லிங் அவருக்குச் செய்த துரோகம் தெரிந்த கதை. இரண்டு சாவுகளையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாவலுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒரு மனுஷியின் சாவை எடுத்துக்கொள்வது அநியாயம்.

அந்த முதல் வாசிப்பில் நான் ஷார்லைப் பார்த்துச் சிரித்தேன். இதை ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சிரிக்கும்படிதான் எழுதியிருக்கிறது. நாவலின் முதல் சொல்லே 'நாங்கள்'. வகுப்பறையில் புதுப் பையனாக, விநோதமான தொப்பியோடு ஷார்ல் வந்து நிற்கிறான். அந்த 'நாங்கள்' சிரிக்கிறது. பிறகு அந்த 'நாங்கள்' நாவலை விட்டே மறைந்துவிடுகிறது. எங்கே போயிற்று? வாசகனுக்குள்தான் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. குதிரையை விற்கச் சந்தைக்குப் போன இடத்தில் ஷார்ல் ரொடால்ஃபைச் சந்திக்கிறான். அவன் அழைக்க, சாராயக்கடையில் பியருக்கு முன்னால் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஷார்லுக்குக் கடிதங்கள் எல்லாம் தெரிந்துவிட்டது. உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, எல்லாம் விதி என்கிறான். ரொடால்ஃபுக்கு இது அசட்டுத்தனமாக, கொஞ்சம் கேவலமாகக்கூடப் படுகிறது. எனக்கும் அப்படித்தான் பட்டது. அதாவது, நான் ரொடால்ஃபின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படித்திருக்கிறேன். பினாரும் இதே கட்டத்தைக் காட்டித்தானே புருஷனைத் தள்ளுபடி செய்தார்?

ழான் அமேரி, ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட மனிதர், 1978ல் ஷார்லின் பக்கம் நின்று ஒரு புத்தகம் எழுதினார். கிராமத்து டாக்டர் ஷார்ல் பொவாரி. ஒரு எளிய மனிதனின் சித்திரம். அதில் ஷார்லே எழுந்து நின்று ஃப்ளாபேர்மேல் பிராது கொடுக்கிறான்: என்னை ஏன் இவ்வளவு மந்தமாகச் செய்தாய், ஒரு சாதாரண மனிதனுக்குக் காதலிக்கவும் கோபப்படவும் உரிமையில்லையா? அதே வருஷம் அமேரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கோபம் என்னை உலுக்கியது. ஆனால் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. ஃப்ளாபேர் ஷார்லைக் கைவிட்டார் என்பது சரியா? எல்லாம் தெரிந்தும் வெறுக்காதவன் அந்த நாவலில் அவன் ஒருவன்தான். தோட்டத்துப் பெஞ்சில், எம்மாவின் ஒரு கற்றை முடியைக் கையில் பிடித்தபடி அவன் செத்துக்கிடப்பதை எழுதியவர் அவனை இகழ்ந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமேரி ஷார்லுக்கும் ஒரு கோர்ட்டைத்தான் கட்டித்தருகிறார். நாவலில் அவன் யார்மீதும் வழக்குப் போடாதவன்.

சில நண்பர்கள் கூடி இந்த நாவலைப் பற்றி ஒரு மாலை முழுதும் சண்டை போட்டோம். எம்மா கட்சி, ஷார்ல் கட்சி. காபி கொண்டுவந்த நண்பரின் மனைவி, ஏற்கெனவே படித்தவர், அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒருவருக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. எம்மா முழங்கையால் தள்ளி, அலமாரியில் மோதிக் கன்னம் கிழிந்ததே, அந்த பெர்த். பக்கத்தைத் தேடி எடுத்தோம். ஷார்ல் செத்தபின் பாட்டி வீட்டுக்கு, பாட்டியும் போனபின் ஏழை அத்தை ஒருத்தியிடம். அவள் பிழைப்புக்காகக் குழந்தையைப் பஞ்சாலைக்கு அனுப்புகிறாள். சில வரிகள்தான். அதற்கு அடுத்த பத்தியில் ஓமே வந்துவிடுகிறார், தன் பதக்கத்தோடு.