பிரளயக் கணக்கு

உலக அழிவைப் பற்றிய ஹாஸ்யங்களில் பெரும்பாலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. சொல்கிறவன் மட்டும் பிழைத்துக்கொள்கிறான். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) இந்த ஏமாற்றையே விஷயமாக எடுத்துக்கொண்ட படம் என்று எனக்குப் படுகிறது. மூலமான பீட்டர் ஜார்ஜின் நாவலில் (1958) சிரிப்பு கிடையாது. அழிவும் கடைசியில் தவிர்க்கப்பட்டுவிடுகிறது. குப்ரிக் சிரித்தார், தவிர்க்க மறுத்தார்.

இந்த அங்கதம் அந்தரத்தில் பிறந்ததல்ல. அணு யுத்தம் பற்றி ஹெர்மன் கான் 1960இல் வெளியிட்ட நூலில் ஒரு அட்டவணை உண்டு. 20 லட்சம் பேர் செத்தால் பொருளாதாரம் தேற 1 வருஷம். 16 கோடி பேர் என்றால் 100 வருஷம். அதில் கேலியே இல்லை. படத்தில் ஸ்ட்ரேஞ்ச்லவ், சுரங்கத்துக்குள் 100 வருஷ வாசம், ஓர் ஆணுக்குப் பத்துப் பெண்கள், அரசாங்க ராணுவத் தலைவர்கள் அவசியம் உள்ளே இருக்க வேண்டும் என்று அடுக்கும்போது அதே குரல்தான் கேட்கிறது.

அந்தச் சுரங்கத்தைக் குப்ரிக் நமக்குக் காட்டுவதேயில்லை. குண்டுகள் வெடிக்கின்றன; மறுபடி சந்திப்போம் என்கிற பழைய பாட்டு ஒலிக்கிறது.

அழிவை எழுதுகிற நம்மவர்களிடமும் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: எங்கே நின்றுகொண்டு பார்க்கிறீர்கள்?