செட்டித் தெருவில் ஒரு வான்தோட்டம்

கட்டடத்தையும் திறனாய்வு செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கவிதையையும் நாவலையும் எடைபோடுகிற நாம், ஆயிரக்கணக்கானோர் தினமும் ஏறி இறங்கும் கட்டடத்தைப் பற்றி மட்டும் 'அடேயப்பா, எவ்வளவு உசரம்!' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கோபுரத்தை நிலை நிலையாக அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இது அழகல்ல. ஆகவே, சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் 2021-இல் கட்டி முடிக்கப்பட்ட 'கேப்பிட்டாஸ்பிரிங்' கட்டடத்தை, மும்பையிலிருந்து சென்று கண்டவன் என்ற முறையில் இங்கே ஆராய முற்படுகிறேன்.

முதலில் புறச்செய்திகள். உயரம் 280 மீட்டர், 51 மாடிகள். டென்மார்க்கின் பியார்க்கே இங்கெல்ஸ் குழுவினரும் இத்தாலியரான கார்லோ ராட்டியின் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்தது. வெளிப்புறத்தின் நெடும்பட்டைகள் நடுவிலும் உச்சியிலும் திரைச்சீலையை விலக்கியதுபோல் பிரிந்து நிற்க, உள்ளிருந்து பச்சை எட்டிப் பார்க்கிறது. 17 முதல் 20 வரையுள்ள நான்கு மாடிகளும் திறந்தவெளித் தோட்டம். கட்டடம் முழுவதும் 80,000-க்கும் மேற்பட்ட செடிகள். மொட்டைமாடியில் கீரையும் மூலிகையும் விளைகின்றன. கீழ்த்தளத்துக்கு ஓலாஃபர் எலியாசனின் கலைப்படைப்பு. பார்வையாளருக்குக் கட்டணம் கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நடுமாடித் தோட்டம் அருமை. பல கோபுரக் கட்டடங்களில் செடி என்பது வரவேற்பறைத் தொட்டியோடு சரி. இங்கே மழைக்காட்டின் அடுக்குமுறையையே பின்பற்றியிருக்கிறார்கள். நிழல் தாங்கும் அகன்ற இலைச் செடிகள் கீழே, வெயில் கேட்பவை மேலே. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நடந்தால், வாடகை கொழிக்கும் வட்டாரத்தில் நான்கு மாடியைக் காற்றுக்கு விட்டுக்கொடுத்த துணிச்சல் புரிகிறது.

ஆனால் 'பொது' என்ற சொல்லை இவர்கள் எந்தப் பொருளில் ஆள்கிறார்கள்? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் போனபோது தோட்டம் வார நாட்களில், அதுவும் அலுவலக வேளையில் மட்டுமே திறந்திருந்தது. சனி, ஞாயிறு கிடையாது. சிங்கப்பூரின் கட்டுமான வேலைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். பெரும்பாலோருக்கு ஓய்வு ஞாயிறு ஒருநாள்தான். அவர்கள் தேக்காவுக்கு வரும் அந்த நாளில் இந்தத் தோட்டம் பூட்டிக் கிடக்கிறது. கட்டடம் எழுப்புகிற கைகளுக்கு அதன் பூவைப் பார்க்க நேரம் ஒதுக்காத பொதுமை அரைப் பொதுமைதான்.

கலையும் அப்படியே. ஆற்றங்கரையில் யூஓபி பிளாசா அருகே நிற்கும் பொட்டேரோவின் 'பறவை'யை (1990) யாரும் எந்நேரமும் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்தத் தெருவுக்கென்று ஒரு கதை உண்டு. அன்றைய தமிழர் வாயில் இது 'செட்டித் தெரு'. நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த இடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியடி. பகலில் அதுவே கடை, இரவில் அங்கேயே படுக்கை. உலகப் புகழ்பெற்ற கலைஞரின் படைப்புக்கு இடம் கொடுத்தவர்கள், அந்தப் பெட்டியடி வாழ்வுக்கும் கண்ணில் படும்படி ஒரு மூலை ஒதுக்கியிருந்தால் கட்டடத்துக்கு வேர் கிடைத்திருக்கும். செடிக்கு மட்டுமா வேர் வேண்டும்?

இக்கட்டடத்தில் உண்மையான பொதுவிடம் எது என்று கேட்டால், 2, 3-ஆம் மாடிகளிலுள்ள உணவங்காடியைத்தான் காட்டுவேன். இங்கே முன்பு நின்ற கோல்டன் ஷூ வாகன நிறுத்தக் கட்டடத்திலும் (1984–2017) இதே அங்காடி இருந்தது. பழையதை இடித்தபோது, அந்தச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் புதியதிலும் இடம் வைத்தார்கள். கோட்டுப் போட்டவரும் கூலிக்காரரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. என் கணக்கில் அதுவும் கலைதான்.

மும்பையிலும் வானளாவிகள் முளைக்கின்றன. விளம்பரப் பலகையிலெல்லாம் தோட்டமும் சிற்பமும் தவறாமல் இருக்கின்றன. வாசலில் அடையாள அட்டை கேட்காமல் யாரை உள்ளே விடுகிறார்கள்? முன்பு அங்கே கடை வைத்திருந்தவன் இப்போது எங்கே? உயரத்தை அளப்பதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுப் பழகுவோம்.