கோட்டைக்கு விறகு போகும் வழி

மிகுபுனைவு நாவலில் மலைக்கோட்டையும் அதற்கொரு பரம்பரைப் பிரபுவும் வந்தால் நான் கொடியையும் வாளையும் பார்ப்பதில்லை. மேலே அடுப்பெரிக்க விறகு எப்படிப் போகிறது? பிரபுவுக்குப் பிறகு யார்? இரண்டுக்கும் பதில் வைத்திருக்கும் கதைதான் என்னிடம் தேறும்.

டோல்கீன் வழியில் பிரபு ஊர்வலத்தில் வருவார். 1955-இல் வெளியான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’கில் கோண்டோரின் தலைநகருக்குள் துணைப்படைகள் நுழைகின்றன, ஜனங்கள் வாசலில் நின்று தலை எண்ணுகிறார்கள். பிளாக்ரூட் பள்ளத்தாக்கின் துயின்ஹிர் இரண்டு மகன்களோடும் 500 வில்லாளிகளோடும் வருகிறார். பிறகு போரில் அந்த மகன்கள் இருவருமே போர்யானைகளின் காலில் மிதிபட்டுச் சாகிறார்கள். பள்ளத்தாக்கு இனி யாருக்கு? டோல்கீன் அதற்குள் போவதில்லை.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கடை விரிப்பதே அங்கேதான். 1996-இல் வந்த ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலில் ஆரின் குடும்பத்தின் ஐரி கோட்டைக்குக் கோவேறு கழுதை மேல் ஏறவேண்டும். ஸ்டோன், ஸ்னோ, ஸ்கை என்று வழியில் மூன்று காவல்கோட்டைகள். ஸ்கையோடு கழுதை நின்றுவிடும். அப்புறம் பாறையில் கைகால் ஊன்றித் தொற்றவேண்டும். முடியாதவர்கள் சாமான் இழுக்கும் கூடையில் உட்காரலாம். பெரிய வீட்டுப் பெண் கேட்லின் ஸ்டார்க், வீம்பு பார்க்காமல் டர்னிப் கிழங்குகளோடு கூடையில் மேலே போகிறாள். குளிர்காலம் வந்தால் பிரபுவே மூட்டை கட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கவேண்டியதுதான். விறகுக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

வாரிசு விஷயம் இன்னும் சிக்கல். ஐரியின் பிரபு ஜான் ஆரின் மூன்று கல்யாணம் செய்தும் மிஞ்சியது ஒரே மகன்: ஆறு வயதிலும் தாய்ப்பால் மறக்காத நோஞ்சான் பிள்ளை. அவனுக்கு ஏதாவது ஆனால் ஜானின் சகோதரி பேரனுக்குப் பட்டம். பையனின் ஒவ்வொரு வலிப்பையும் சிற்றரசர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

லெ குவினின் ‘எர்த்ஸீ’ கதைகள் வேறு ரகம். ரெ அல்பி பிரபுவை அங்கே நாம் ஆடு மேய்ப்பவர்களின் ஊரிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். ஆள் சிறுத்துத்தான் தெரிகிறார்.

மார்ட்டினின் ஐரி ஆளும் ஆரின் பள்ளத்தாக்கிலும் அப்படிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆரின்களுக்கு முன்பே அங்கிருந்து, மலைக்கு விரட்டப்பட்ட குடிகள். ஐரியின் சிறையிலிருந்து விடுதலையான டிரியன் லானிஸ்டர் நடு ராத்திரியில் அவர்களிடம் மாட்டுகிறான். கத்தி கழுத்துக்கு வரும்போது, உயிருக்கு விலையாகப் பள்ளத்தாக்கு முழுவதையும் தருகிறேன் என்கிறான். அதில் ஒரு சாண் நிலத்துக்குக்கூட அவனிடம் பட்டா கிடையாது.