படுக்கை என்னும் சொல்

தை முதல் நாள் எங்கள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. வாடிவாசல் திறக்கும் முன்பே மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸ்களும் வந்து நின்றுவிடும். படுகாயம் பட்டவர்களை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வார்கள். யாருக்கும் அடிபடாத நேரத்தில் அந்தக் குழு சும்மா காத்திருக்கும். அதை வீண்செலவு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2021 மே மாதம் காத்திருந்தவர்கள் நோயாளிகள். கொரோனா இரண்டாம் அலையில் மதுரை மூச்சுக்குத் தவித்தபோது, பக்கத்துத் தோப்பூரில் 500 ஆக்சிஜன் படுக்கைகளுடன் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. தேவையான வேலை. ஆனால் தமிழ் படித்தவள் என்பதால், செய்திகளில் வந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். ‘இத்தனை படுக்கைகள் தயார்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் படுக்கைதான். ஆக்சிஜன் அளவு பார்ப்பவள், விரிப்பு மாற்றுபவள், கழிவை அள்ளுபவள் எவரும் அதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு செவிலியர் தேவை. நாளுக்கு மூன்று என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருத்தி வாரம் ஆறு ஷிப்ட் பார்த்தால், அந்த ஒரு படுக்கைக்கு மட்டும் மூன்றரைப் பேர் வேண்டும். அவர்களுக்கே தொற்று வந்தால் இன்னும் கூடுதல். பேரிடர்கால மருத்துவத்தில் இடம், பொருள், ஆள், ஒழுங்கமைப்பு என்று நான்கைச் சொல்வார்கள். இடத்தைச் சில வாரங்களில் உண்டாக்கலாம். ஆக்சிஜனை ரயிலில் வரவழைக்கலாம். ஒரு செவிலியர் உருவாக ஆண்டுகள் ஆகும்.

உருவாகி வந்தவர்களை என்ன செய்தோம்? 2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மீது பூத்தூவின. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தற்காலிகமாக நியமிக்கப்பட்ட செவிலியர்களில் 2,000க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. பதினைந்தே நாளில் எங்கள் வாடிவாசலில் மருத்துவக் குழு வழக்கம்போல் காத்து நின்றது. காளை வரும் என்று தெரிந்ததால் ஆள் நிறுத்தினோம். கொள்ளைநோய் திரும்ப வராது என்று யார் சொன்னது? மாற்றுப் பணி தருவதாக அரசு அறிவித்தது. அதுவும் ஒப்பந்தப் பணிதான். தாய், தேவதை என்று வாழ்த்தும் மொழியில் ‘தொழிலாளி’ என்ற சொல் வருவதே இல்லை. தேவதைக்குச் சம்பள உயர்வும் பணி நிரந்தரமும் எதற்கு?

படுக்கைகள் நிரம்பியபோது வீடுகள் வார்டுகள் ஆயின. என் மாமியாருக்கும் கணவருக்கும் கஞ்சி வைத்து, ஆக்சிமீட்டர் காட்டிய எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டே ஆன்லைனில் சங்க இலக்கிய வகுப்பும் எடுத்தேன். தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த வேலையைச் செய்தது ஒரு பெண்தான். மருத்துவமனையின் கொள்ளளவை நாங்கள் கூட்டிக் கொடுத்தோம். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அடுத்த முறை படுக்கை எண்ணிக்கையை அறிவிக்கும்போது என் மாணவிகள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவள் யார்? நோய் ஓய்ந்த பிறகும் அவளுக்கு வேலை இருக்குமா?