காவலூரும் பேப்பர் கணக்கும்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்தார்கள். பத்து வருஷம் போல ஆச்சு. அதற்குக் காரணமான வைணு பாப்பு 1982-இல் இறந்துவிட்டார். தொலைநோக்கி திறக்கப்பட்டது 1986-இல்.

இது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேலை. இன்றைய பல்கலைக்கழகத் துறை ஒன்று இப்படி இறங்கினால் என்ன ஆகும்?

2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்காக 100-க்கு 30 மதிப்பெண். அதில் பெரும்பகுதி எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்ற கணக்குதான். கண்ணாடி தேய்த்த வருஷங்களுக்கு அங்கே கட்டமே கிடையாது. துணைவேந்தரை மட்டும் திட்டிப் பயனில்லை. இடம் சரிந்தால் கேள்வி அவரிடம்தான் வரும், அவர் துறைகளிடம், "எத்தனை பேப்பர் போட்டீங்க?" என்பார்.

கணக்கே வேண்டாம்னு சொல்லலை. கணக்கு இல்லாத இடத்தில் சிபாரிசு புகுந்துவிடும். ஆனால் கருவி செய்வதையும் தரவு சேர்ப்பதையும் துறை தெரிந்தவர்கள் நேரில் பார்த்து மதிப்பிடணும். பத்து வருஷம் கழித்து இன்னொன்றும் கேட்கணும்: நீங்க செஞ்சதை இப்போ யார் பயன்படுத்துறாங்க?